இட்டேரியில் ஒரு முழம்

"எந்திரிங்க்கா, மம்மட்டி மேல பட்டுரும்," என்றான் சென்னிமலை.

நாச்சம்மாள் அசையவில்லை. எல்லைக்கல்லைக் கட்டிக்கொண்டு ஈர மண்ணிலேயே காலை நீட்டிவிட்டாள். வீட்டில் புருசன் அப்புசாமி செத்துக் கிடக்கிறார். கோபாலபுரத்து டாக்டர் வருவதற்குள் விடிகாலையில் உயிர் போய்விட்டது. மாரடித்து அழ வேண்டியவள் வேலிக்குக் காவல் இருக்கிறாள் என்று ஊர் பேசும். பேசட்டுமே!

சங்கதி இதுதான். இரண்டு பக்க வேலிக்கும் நடுவே சுடுகாட்டுக்குப் போகிற இட்டேரியில் ஆனி மழை பெய்து முழங்கால் சேறு. அப்புசாமியின் வயல் வழியாகப் போனால் சுருக்கு. ஆனால் ஒரு பிணம் ஒரு தடவை போய்விட்டால் அது ஊர்வழி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அப்புறம் வில்லேஜ் ஆபீசில் போய் முட்டிக்கொண்டாலும் அடைக்க முடியாது. ஒன்பது வருசமாக யார் வீட்டுப் பாடையையும் வயலில் விடாத மனுசன் அப்புசாமி. "நானே செத்தாலும் இட்டேரியிலதான் போகோணும்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த இட்டேரியைச் சரிபண்ணத்தான் வந்திருக்கிறார்களாம், வாயனசாலை என்கிற ஊர்ப் படிப்பகத்து ஆட்கள் பன்னிரண்டு பேர். பேப்பர் படிக்கிற நேரம் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பாதையைச் செப்பனிடுகிற கூட்டம். சிரமதானமாம், கூலி வேண்டாமாம். கூலியில்லாமல் குனிகிறவனை நாச்சம்மாள் இந்த வயசு வரைக்கும் பார்த்ததில்லை. அதிலும் தலைவன் யார்? இட்டேரிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரன் சென்னிமலை! பாடை போக அகலம் போதாது, வேலியை ஒரு முழம் வெட்டணும் என்கிறான். யார் வேலியை என்று கேட்கவும் வேணுமா?

"கல்லு நட்டவரு போயிட்டாரு, இனிப் பொம்பளதானேன்னு பாக்கறீங்களா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க்கா."

நாத்தனார் பழனாத்தாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நங்கையா, குளிப்பாட்டியாச்சு. வந்து மொகத்தப் பாருங்க."

"இவுங்க போகட்டும், வாறேன்."

"வேல முடியாம எப்படிப் போவாங்க?"

"அப்ப நானும் வரல. கண்ணு அசந்தா கல்ல நகத்திருவாங்க."

மூன்று தடவை ஆள் வந்தது, மூன்று தடவையும் இதே பதில்தான். சென்னிமலை திரும்பி, தன் பக்கத்துக் கிளுவை வேலியையே ஒரு முழம் வெட்டித் தள்ளினான். தன் தோட்டத்துச் சரளையையே கூடை கூடையாய்ச் சேற்றில் கொட்டச் சொன்னான். நாச்சம்மாளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நாளைக்குப் பஞ்சாயத்தில் "நான் ஒரு முழம் விட்டேன், அவுங்களும் விடட்டும்" என்று நிற்கமாட்டானா? பலே ஆள்! அவள் கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேற்கே மழை கட்டியது. திடீரென்று தப்பட்டைச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. மழை வந்தால் தாங்காது என்று பாடையை எடுத்துவிட்டார்கள்.

"நில்லுங்கப்பா! நான் இன்னும் பாக்கல!"

தூக்கின பாடையை நடுவழியில் இறக்குகிற வழக்கம் அங்கே இல்லை. அவள் கல்லை விட்டுப் பாய்ந்தாள், எக்கி எக்கிப் பார்த்தாள். ஆள் தோளுக்கு மேலே போகிற பாடையில் என்ன தெரியும்? செவ்வந்தி மாலையும், சேர்த்துக் கட்டின இரண்டு கால் கட்டைவிரலும் தெரிந்தன. தூக்கினவர்களில் ஒருவருக்கும் கால் வழுக்கவில்லை. பெண்கள் அதற்கு அப்பால் போகக்கூடாது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, ஊரே கேட்கும்படி வந்தது.

வீட்டில் வாசல் வரைக்கும் கழுவி விட்டிருந்தார்கள். பழனாத்தாள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. உங்க பங்க எடுத்து வெச்சேனுங்க."

ஒரு பிடி அரிசி. நாச்சம்மாள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பழனாத்தாளையே பார்த்தபடி நின்றாள்.