மூன்றாவது கொடியின் காயம்

சிவப்பு நாடா கட்டிய ஐந்து திராட்சைக் கொடிகளை, காய் பறிக்கும் முன் மூன்று நாளைக்கு யாரும் தொடக் கூடாது. கத்தரி, கை எதுவும் படக் கூடாது. ஆராய்ச்சி மாணவி கிளேர்வி இதைத் தோட்டத்தில் வேலை செய்யும் என்னிடம் நான்கு தடவை சொல்லியிருந்தாள்.

"இந்தக் கோல்மார் மலைச் சரிவுல முப்பத்தோரு வருஷமா கொடி வெட்டுறேன் டாக்டரம்மா. எனக்குப் பாடமா?" என்றேன்.

"இன்னும் டாக்டர் ஆகல, ஒடீல். இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சாத்தான்."

பினோ நுவார் திராட்சைக் காய் பச்சையிலிருந்து சிவக்கத் தொடங்கும்போது கொடிக்குள் ஒரு ஹார்மோன் ஏறுகிறது. அது ஏறியதும் எந்த மரபணு திறக்கிறது, எது மூடிக்கொள்கிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. காயைப் பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். போன வருடம் ஆலங்கட்டி மழை எல்லாவற்றையும் அடித்துப் போட்டது. வருகிற செப்டம்பரோடு அவளுக்கு உதவித்தொகை நின்றுவிடும். காய் நிறம் மாறுவது வருடத்துக்கு ஒரு தடவைதான். ஐந்தில் மூன்று கொடியாவது காயமில்லாமல் இருந்தால்தான் முடிவு செல்லும்.

காலை பத்து மணிக்கு நைட்ரஜன் குடுவையை இடது கையில் தூக்கிக்கொண்டு வரிசை வழியே முன்னால் நடந்தேன். அவள் காய் போடும் சிறு குழாய்களில் எண் எழுதியபடி பின்னால் வந்தாள். சளசளவென்று பேச்சு வேறு. பாதி வழியில் கை கடுத்தது, குடுவையை வலது கைக்கு மாற்றினேன். வரிசை முடிவில் அதை இறக்கியபோதுதான் பார்த்தேன். என் வலது கட்டைவிரலில் பச்சைச் சாறு. நகத்துக்குள் கொழுந்து நார்.

கொடியோரம் நடந்தால் வேண்டாத பக்கக்கொழுந்தைக் கிள்ளி எறிவது எங்கள் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. வாய் பேசும், கை கிள்ளும்.

விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் காய் வெட்டக் கத்தரியை எடுத்துவிட்டாள்.

"வெட்டாத. நான் கிள்ளிட்டேன்."

"எத?"

"தெரியல. கை கிள்ளியிருக்கு."

முதலில் சிரித்தாள். விரலை நீட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? காயம் பட்டா கொடி உள்ளுக்குள்ள அலறும், ஒடீல். வேற ஹார்மோன், வேற மரபணு எல்லாம் கெளம்பி வரும். பழுக்கிறத அளக்க வந்து அலறல அளந்துட்டுப் போகச் சொல்றீங்களா?"

இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். முதல் கொடியில் மூன்று காயம், சாறு கசிந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் இரண்டு. நான்காவதும் ஐந்தாவதும் சுத்தம், அங்கே வலது கையில் குடுவை இருந்திருக்கிறது. மூன்றாவதில் இலைக்கு அடியில் ஒரே ஒரு காம்பு, நுனியில்லாமல்.

"இது முயல் கடிச்சதுதானே? போன வாரமே பாத்தேன்னு நினைக்கிறேன்" என்றாள் கிளேர்வி. பார்த்திருக்கவில்லை. அவள் குரலிலேயே தெரிந்தது.

குடுவையிலிருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது.

"பழசுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா எழுதிக்குவேன். யாரும் கேக்கப் போறதில்ல."

ஆகஸ்ட் வெயிலில் கிள்ளிய இடம் ஒரே நாளில் பழுப்பாகிவிடும். இது பச்சையாக இருந்தது. விரல் வைத்தேன், ஈரம். வெட்டு பிறை மாதிரி வளைந்திருந்தது, நடுவில் சின்னப் பிசிர். குளிர்காலத்தில் கத்தரி பட்டு என் கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு. அதே இடம்.

"இன்னைக்குள்ளது. என் நகந்தான்."

அவள் என்னையே பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"போங்க ஒடீல். தயவுசெஞ்சு போங்க."

நான் போகவில்லை. இரண்டு கொடியை வைத்துக்கொண்டு எவனும் பட்டம் கொடுக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஐந்து கொடியிலும் காய் வெட்டி உறைய வைத்தாள். மூன்று குழாய்களில் 'காயம்' என்று எழுதினாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள்.

"மூணாவதுல எத்தன காயம்?"

"ஒண்ணு."

"நிச்சயமா?"

"ஒண்ணுதான்."

எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகப் போனது. நான் இரண்டு கையையும் பாவாடைப் பைக்குள் விட்டு இறுக்கிக்கொண்டு நின்றேன்.