விரல் நின்ற வரி

ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்து, அட்டையிலுள்ள ஒரே கதையை வாசிக்கச் சொல்லி, மூன்று கேள்வி கேட்டு, கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். சேரப்பணஞ்சேரிப் பள்ளியில் பிரவீனா டீச்சர் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கதையில் வரும் ஆட்டுக்குட்டி முப்பது முறை கிணற்றில் விழுந்து, முப்பது முறை மேலே வந்துவிட்டது. அவளுக்கு இடுப்பு கடுத்தது.

கடைசியாக கங்கா வந்தாள். அப்பாவின் காண்டிராக்ட் வேலை மாற மாற, இது அவளுக்கு நான்காவது பள்ளி. வரிக்கடியில் விரல் வைத்து, தடங்கலே இல்லாமல் வாசித்தாள்.

'நன்று' என்று பதியப் போன பிரவீனா அப்போதுதான் கவனித்தாள். கதை முடிந்துவிட்டது, விரல் இன்னும் இரண்டாம் வரியில் நின்றது.

அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் வேறு கதை. "இதப் படி."

கங்கா முதல் வரியில் விரலை வைத்துவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"மத்தவங்க படிச்சதக் கேட்டே மனப்பாடம் பண்ணிட்டியா?"

"ஆமா மிஸ்."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. கேள்வியை மட்டும் கேட்டுப் பார்த்தாள். "ஆள் கிணத்துல எறங்கறதுக்கு முன்னாடி எதுக்கு வைக்கோல் போட்டாங்க?"

கதையில் அதற்கு நேரடி விடை இல்லை. காலையிலிருந்து பெரும்பாலோர் விழித்த கேள்வி.

"தின்னுகினு இருந்தா கம்முனு கெடக்கும்ல மிஸ். ஆளப் பாத்து மெரண்டு எகிறாது."

'வாசிக்கவில்லை' என்று தொட்டதும் செயலியில் கேள்விப் பகுதி மூடிக்கொண்டது. பிரவீனா எழுந்து தலைமையாசிரியர் சங்கரநாராயணனிடம் போனாள்.

"சார், ஒரு பொண்ணுக்குப் படிக்க வரல. ஆனா கேட்டா நல்லாப் புரிஞ்சிக்கிறா. அத எங்க போடறது?"

"அதுக்கு அதுல இடம் இல்லம்மா. இருக்கறதப் போட்டு அனுப்பிடுங்க. நாலு மணிக்குள்ள கேக்கறாங்க."

அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது கங்கா மேசையருகிலேயே நின்றிருந்தாள்.

"நான் ஃபெயிலா மிஸ்?"

"இதுல ஃபெயில் எல்லாம் கெடையாது." சொன்னவளுக்கே அது முழு உண்மையாகப் படவில்லை. "காலையில எத்தன மணிக்கு வர முடியும்?"

"அம்மாவ ஏத்த கம்பெனி பஸ்ஸு ஏழரைக்கே வந்துடும் மிஸ். அப்புறம் வூட்டுல சும்மாதான் இருப்பேன்."

பிரவீனா குன்றத்தூரிலிருந்து வருபவள். ஒரு பஸ் முன்னதாகப் பிடிக்க வேண்டும். மகனுக்குச் சோறு கட்டும் வேலையை யார் தலையில் போடுவது? நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"எட்டேகாலுக்கு வா. 'அ'லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"எழுத்து தெரியும் மிஸ். கொம்பு, காலு வந்தாதான் கொழம்பிடுது."

"சரி, கொம்புலேர்ந்து" என்று சொல்லிவிட்டு, பிரவீனா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினாள்.