மருதோண்டி இல்லாத நகம்

அப்துல் ஸமட் ஹாஜியார் செய்கிற நன்மைகள், வானவர்கள் எழுதி முடிக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்க ஏழு பேர் பங்குபோட்டு வாங்கிய குர்பான் மாடு அவருடைய வீட்டு வளவில்தான் நின்றது. "குர்பான் மாட்டுல கூலிக்காரன்ட கை படப்படாது. உண்ணி புடுங்கிறதும் நான்தான், நகத்தால நசுக்கிறதும் நான்தான்" என்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலடியில் முழங்கியிருந்தார்.

நசுக்கியது மனைவி றாஹிலா. மாடு வாலை ஆட்டினாலே ஹாஜியார் வேலிக்கு அந்தப் பக்கம்.

பெருநாளைக்கு மூன்று நாள் இருக்க றாஹிலாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அதோடும் பின்னேரம் உண்ணி பார்த்தாள். விடிய வாய் கொப்பளித்தபோது எச்சில் சிவப்பாக விழுந்தது. ஹாஜியார் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இவர்களுக்குப் பின்னால், டொக்டரின் அறை வாசலிலேயே, மாட்டுப் பங்குக்காரர்களில் ஒருவரான முகைதீன்பாவா நின்றார்.

"வீட்டுல மாடு, ஆடு நிக்கிதா?" டொக்டர் நஸ்லியா கேட்டார்.

"மாடு நிக்கிது. இவ கிட்டயும் போறல்ல. உண்ணி பாக்கிறது நான்தான்." யோசிக்க முன்பே வாய் சொல்லிவிட்டது.

பேனா நின்றது. "நசுக்கிற உண்ணிட ரெத்தத்தால வாற காய்ச்சல் சில நாட்டுல ஆள முடிச்சிரிக்கி. மாடு சும்மா நிக்கும், மனிசன்தான் விழுவான். அவன்ட ரெத்தம் பட்டா மத்தவனுக்கும் தொத்தும். உங்களுக்குக் காய்ச்சல் இல்லயே?"

"அல்ஹம்துலில்லாஹ், இல்ல."

"அப்ப இவவுக்கு டெங்கு பாப்பம்." டொக்டர் பரிசோதனைத் துண்டை எழுதியபடி றாஹிலாவின் விரல்களைப் பார்த்துச் சிரித்தார். "காய்ச்சலோடயும் பெருநாள் மருதோண்டியா, ராத்தா?"

றாஹிலாவின் இரண்டு பெருவிரல் நகங்களிலும் கருஞ்சிவப்பு. உள்ளங்கையில் மருதாணி ஒரு பொட்டுக்கூட இல்லை. அவள் புருசனைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாக அவருடைய மானத்தை இப்படித்தான் காத்துவந்தாள். துண்டு மேசையில் நகர்ந்து வந்தது.

"டொக்டர்." ஹாஜியாருக்கு மெல்லக் கதைத்துப் பழக்கமில்லை. "அது மருதோண்டி இல்ல. உண்ணி ரெத்தம். நசுக்கினது இவதான். நான் வேலிக்கு அங்கால நிண்டன்."

"அப்ப பள்ளியடியில சொன்னது?" முகைதீன்பாவா கேட்டார்.

"பொய், முகைதீன்பாவா காக்கா! பொய்!"

டொக்டர் துண்டைக் கிழித்தார், கையுறையை இழுத்து மாட்டினார், வாசலில் நின்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"மனிசருக்கு முன்னால என்னத்துக்கு இதெல்லாம்?" என்று முனகினாள் றாஹிலா. ஹாஜியார் அவளுடைய கையைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றார் டொக்டர்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹாஜியார் நின்றார்.