மாப்பிள்ளை பறக்கவிட்ட ட்ரோன்

கண்டி கட்டுக்கலையில் சதீஸ்குமாரின் மாடிவீட்டுக்கு யாராவது போனால் உட்கார இடம் கிடைக்காது. கதிரைகளில் எல்லாம் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். காதில் மாட்டுகிற சாமான், கையில் கட்டுகிற சாமான், தானாக ஊர்ந்து தரை கூட்டுகிற சாமான், வாயால் சொன்னால் லைட்டைப் போடுகிற சாமான். அந்த லைட் சதீஸ்குமாரின் குரலுக்கு மட்டும்தான் பணியும். அவன் மாநகரசபை வேலைக்குப் போன பிறகு அவன் பெண்சாதி லோஜினி தொண்டை கிழியக் கத்தினாலும் குசினி இருட்டாகத்தான் கிடக்கும். சுவரில் சுவிட்ச் இல்லாமல் இல்லை. அதைத் தொட்டால் செட்டிங் குழம்பிவிடும் என்று அந்த மகராசன் டேப் ஒட்டி வைத்திருந்தான்.

புதுச்சாமான் ஒன்று வந்துவிட்டால் வீட்டில் பெரிய சடங்கு நடக்கும். பெட்டியை மேசையில் வைத்து, சுற்றிவர வெளிச்சம் போட்டு, டேப்பை அறுக்கிறதிலிருந்து வீடியோ எடுப்பான். "வணக்கம் மக்களே" என்று தொடங்கும் அந்தக் குரல் லோஜினிக்கு அறவே பிடிக்காது. அவளிடம் பேசும்போது வராத குழைவெல்லாம் அதில் வரும். நடுவில் குக்கர் விசில் அடித்தால் ஏச்சு அவளுக்கு. இத்தனையும் யாருக்காக என்றால், அவனுடைய அலுவலகத்து நண்பர்கள் சிலருக்கும், கொழும்பு வீதியில் போன் கடை வைத்திருக்கும் மஹ்ரூப்புக்கும். மற்ற மக்களுக்கு வேறு வேலை இருந்தது.

ட்ரோனை அவன் தலையில் கட்டியது அந்த மஹ்ரூப்தான். கட்டும்போதே, டவுனுக்குள் பறக்கவிட்டால் பொலிஸ் வந்து ஆளையும் சாமானையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும், தலதா மாளிகைப் பக்கம் நினைத்தும் பார்க்காதே என்று சொல்லியும் இருக்கிறான். அப்போதுதான் சதீஸ்குமாருக்குப் பெண்சாதியின் ஊர் ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஹேவாஹெட்ட என்றால் பஸ் குலுக்கும், அட்டை கடிக்கும், போனுக்குக் கவரேஜ் இருக்காது என்று முகத்தைச் சுளித்தவன், தேயிலை மலையின் அழகைப் பற்றி அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வகுப்பெடுத்தான்.

லோஜினிக்கு அது பயமாக இருந்தது. காரணம் அவளுடைய அக்கா கலாராணி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். தாய் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, டவுனில் பார்மசி வேலைக்கு அனுப்பி, கட்டிக்கொடுத்ததும் அவள்தான். போன வருடம் மலையில் குளவி கொட்டியதில் கலாராணிக்கு மூச்சடைத்து, உதடெல்லாம் நீலம் பாரித்து, பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு தரம் கொட்டு வாங்கினால் உடம்பு தாங்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பினார். அதற்காக வேலையை விட்டுவிட முடியுமா? சின்னமுத்து கங்காணி நல்ல மனுஷன். அவளுக்கு எப்போதும் பாறையை விட்டுத் தள்ளித்தான் கொழுந்து பறிக்க நிரை கொடுப்பார். அந்தப் பாறையின் அடிவயிற்றில் குளவிக்கூடு தொங்குவது தோட்டத்துக்கே தெரியும்.

இதையெல்லாம் லோஜினி புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பறக்கவிடுவதென்றால் ரோட்டில் நின்று விட வேண்டும், கொழுந்து பறிக்கிற இடத்துக்குள் இறங்கக் கூடாது, பாறைப் பக்கம் போகவே கூடாது என்றாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி என்றான். பிறகு, அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்கிற தோரணையில், ட்ரோனில் சென்சர் இருக்கிறது, எதிரே மரம் வந்தாலும் தானாக நின்றுவிடும், ஏதாவது பிரச்சினை என்றால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், ஏறின இடத்துக்கே தானாகத் திரும்பி வந்து இறங்கும் என்று விளக்கினான். குளவிக்கும் சென்சர் இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. தோட்டத்தில் அவனுக்கு யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். டவுன் மாப்பிள்ளை. கடை கண்ணி வைத்திருந்த குடும்பம். அவன் பஸ்ஸை விட்டு இறங்கினால் பையை வாங்க ஒரு ஆள், முகம் கழுவச் சுடுதண்ணி வைக்க ஒரு ஆள், லயத்து வீட்டுக் கோழியில் ஒன்றுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத்தான் கேவலம் என்பது அவர்கள் எண்ணம். லோஜினிக்கு அதைக் காணும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவளுக்காக அவர்கள் குனியக் குனிய, அவன் அவள் தலைமேல் ஏறிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் கைக்காசுக்குப் பறிக்கிற நாள் என்பதால் விருப்பமானவர்கள் மட்டும் மலைக்கு இறங்கியிருந்தார்கள். கலாராணியும் இறங்கியிருந்தாள். ரோட்டோரம் வந்ததும் சதீஸ்குமார் பையைத் தூக்கிக்கொண்டு நேரே தேயிலைக்குள் இறங்கினான். லோஜினி பின்னால் நின்று கூப்பிட்டாள். ரோட்டிலிருந்து விட்டால் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள், முகம் தெரிந்தால்தான் வீடியோ ஓடும் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னான். முந்தின ராத்திரி கொடுத்த வாக்கு பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது.

பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். சதீஸ்குமார் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் அந்த அழுக்கு ரெட்டுத் துணியைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னான். சேலை கலராகத் தெரிய வேண்டுமாம். அவன் அழுக்கு என்று சொன்னது படங்கு. தேயிலைக் குச்சி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. குளவி கலைந்தால் ஓடாமல் அதே இடத்தில் குந்தி, படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். மலையில் உயிரைக் காப்பாற்ற அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சின்னமுத்து கங்காணி தலையைச் சொறிந்தார். "வேணாங்க மாப்புள" என்று அவர் வாயில் வந்தது வெளியில் வரவில்லை. லோஜினி மேலேயிருந்து, கழற்றாதே அக்கா என்று கத்தினாள். கலாராணி தங்கையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"மாப்புள ஆசையா கேக்குறாரு புள்ள. ஒரு நிமிஷந்தானே."

படங்குகளைக் கழற்றித் தேயிலைச் செடிகள்மேல் போட்டார்கள். பெண்களுக்கு நடுவே கூடை இறக்கிவைக்கிற வெட்டவெளியில் ட்ரோனை வைத்து அங்கிருந்தே ஏற்றினான். லோஜினிக்குக் கோபம் பொங்கியது. ஆனால் இறங்கிப்போய் அத்தனை பேர் முன்னால் புருஷனின் கையைப் பிடித்து இழுக்க அவளும் துணியவில்லை.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ட்ரோன் தலைக்குமேல் சுற்றியது, பெண்கள் அவன் சொன்னபடி கையாட்டினார்கள். பிறகு அது பாறையை நோக்கிப் போனது. பாறையையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து எடுத்தால் வெளிநாட்டு வீடியோ மாதிரி இருக்கும் என்று அவன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டான். கங்காணி இந்தத் தடவை வாய்விட்டே, அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ட்ரோன் பாறையின் வயிற்றுக்குக் கீழே நுழைந்தது.

இரைச்சல் மேலே ரோடு வரைக்கும் கேட்டது. பாறையடியிலிருந்து கறுப்பாக ஒரு திரள் கழன்று ட்ரோனைச் சூழ்ந்துகொண்டது. சதீஸ்குமார் அதைத் திரையில் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனான். அவன் விரல் எங்கே போகிறது என்று லோஜினிக்கு அவனுக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது.

"அந்தப் பட்டன அமுக்காதீங்க!"

அமுக்கிவிட்டான். சாமானுக்கு என்ன தெரியும்? சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பாறையடியிலிருந்து வெளியே வந்து மேலே உயர்ந்து, ஏறின இடத்தைத் தேடி, குளவியை எல்லாம் கூட்டிக்கொண்டு பெண்களின் நடுவில் வந்து இறங்கியது.

"குளவி கலைஞ்சிருச்சு" என்று யாரோ போட்ட சத்தத்தில் எல்லோரும் சிதறினார்கள். படங்கு கைக்கு எட்டியவர்கள் போர்த்திக்கொண்டு விழுந்தார்கள். எட்டாதவர்கள் தேயிலைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். சதீஸ்குமார் மட்டும் கன்ட்ரோலைப் பிடித்தபடி, இறங்கிய ட்ரோனைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றான். கலாராணியின் கையில் அவளுடைய படங்கு இருந்தது. அவள் அதைப் போர்த்திக்கொண்டு கீழே கிடந்திருந்தால் கதை வேறு. அவளோ எழும்பிப் போய் அவனைத் தோளில் பிடித்து அமுக்கி உட்காரவைத்து, படங்கை அவன்மேல் மூடி, ஓரங்களையும் சொருகிவிட்டாள். அதற்குப் பிறகுதான் வெறும் சேலையோடு குப்புற விழுந்தாள்.

லோஜினி கீழே பாய்ந்தாள். கங்காணி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் கிடந்த போர்வைக்குள் போட்டுக்கொண்டார். அவள் அவரை அடித்தாள், கடித்தாள், அவர் விடவில்லை. துணிக்குள்ளிருந்து அக்கா என்று கத்திக்கொண்டே கிடந்தாள். லயத்திலிருந்து ஆண்கள் புகைமூட்டிக்கொண்டு வந்து குளவி விலகிய பிறகு, கலாராணியைக் கொழுந்துச் சாக்கில் தூக்கிப் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு அப்போதே பேச்சு மூச்சில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் வழி நெடுக லோஜினி அவள் வாயோடு காதை வைத்துக்கொண்டு வந்தாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சாவோடு இழுபறிப்பட்டு, மூன்றாம் நாள் கலாராணியை வார்டுக்கு மாற்றினார்கள். கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. மற்றப் பெண்கள் சின்னக் காயத்தோடு தப்பியிருந்தார்கள். பார்வையாளர் நேரத்துக்குத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சதீஸ்குமாரும் வந்தான். அவனுக்குக் காதில் ஒரு கொட்டு. பிளாஸ்டர் போட்டிருந்தான். குளவி வந்த வேகத்தையும், தான் பதறாமல் சட்டென்று ஒரு படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்ட புத்தியையும், பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தங்களுக்கு வீடியோக் குரலில் விளக்கினான்.

லோஜினியால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க ஒன்னும் இழுக்கல. அக்காதான் அவங்க படங்க உங்க மேல போத்துனாங்க. போத்திட்டு அவங்க வெறும் சேலையோட கெடந்தாங்க. நான் பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."

அவன் முகம் சுண்டியது. அதைத்தானே தானும் சொல்கிறேன் என்று முனகினான். சின்னமுத்து கங்காணி அவசரமாக நடுவில் வந்தார். விடு புள்ள, மாப்பிள்ளை பயந்துவிட்டார், அவருக்கென்ன பழக்கமா என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லோஜினிக்கு அத்தனை பேரையும் வெளியே பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. சாகக் கிடந்தவள் கட்டிலில் இருக்க, இவர்கள் மாப்பிள்ளையின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆதரவில் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. ட்ரோன் இன்னும் மலையில்தான் கிடக்கிறது என்று ஞாபகப்படுத்தினான். இறக்கை ஒன்று போயிருந்தாலும் கேமரா தப்பியிருக்கும், மழை பிடித்தால்தான் நாசம் என்றான்.

"யாராவது ஒரு கூடைய கவுத்து மூடி வைங்க. குளவி அடங்கட்டும், வார ஞாயித்துக்கெழம நான் வந்து எடுத்துக்கிறேன்."

கங்காணி வழக்கப்படி சரிங்க என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. வீங்கின உதட்டில் சொல் குழறினாலும் எல்லோருக்கும் கேட்டது.

"வராதீங்க மாப்புள."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். லோஜினி தண்ணீர் கொடுக்கப் போனாள், அவள் கையால் விலக்கினாள்.

"மலைக்கும் வராதீங்க. வீட்டுக்கும் வராதீங்க."

கங்காணி வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை யாரும் விடு என்று சொல்லவில்லை. சதீஸ்குமார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் பெண்சாதியிடம் வந்து, நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். லோஜினி ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.