கிராஞ்சிச் சேற்றில் இரண்டு வண்டிகள்

1985ஆம் ஆண்டு முழுக்க இயேசுதாசனுக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு பேச்சே இல்லை. கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், வேலை முடிந்ததும் நேராக ரோவல் ரோட்டில் அழகப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். அங்கே இரண்டு பெரிய வண்டிகள் விற்பனைக்கு நின்றன. தார் ரோட்டிலும் போகலாம், சேற்றிலும் போகலாம். பெட்டி கட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போகலாம் என்று செய்யப்பட்ட வண்டிகள். ஒன்று ஜெர்மன், ஒன்று ஜப்பான். இரண்டில் ஒன்றை வாங்கி, மனைவி உர்சுலாவைப் பின்னால் உட்கார வைத்து, பாலம் தாண்டி மலேசியா முழுக்கக் கடந்து, அதற்கும் வடக்கே மலையூரான சியாங் மாய் வரை போவது அவருடைய திட்டம்.

உர்சுலா ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில் அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இராத்திரிதோறும் அந்த இரண்டு வண்டிகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஜப்பான் வண்டி வெயிட் கம்மி. சீட் உயரம்தான், ஆனா ரோடு நல்லாத் தெரியும்லா."

"அப்ப அதையே எடுத்துக்குங்க."

"ஜெர்மன் வண்டிக்கு செயின் இல்ல, சக்கரத்தைச் சுத்தறது ஷாஃப்ட், இரும்புத் தண்டு. சியாங் மாய் வரைக்கும் செயினைப் பத்திக் கவலையே இல்ல. ஆனா இன்ஜின் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்குது. சந்துல போனா இடிக்கும்."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுவாள். எந்த வண்டி என்றாலும் அவளுக்கு ஒன்றுதான். போன வருஷம் லூர்து மாதா கோயிலில் லாசரஸின் அடக்கப் பூசைக்குப் போயிருந்தாள். பங்கில் பாட்டுக் குழுவில் இருந்த பையன். புக்கிட் தீமா ரோட்டில் சின்ன மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதியவன். சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கணவர் வீடு வரத் தாமதமானால் சன்னலருகே போய் நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதை அவரிடம் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்டதும், இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கிராஞ்சிக்குக் கிளம்பினார்கள். அழகப்பன் ஜெர்மன் வண்டியில். இயேசுதாசனும் உர்சுலாவும் ஜப்பான் வண்டியில். திரும்பும்போது மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

சீட் அவ்வளவு உயரம் என்று ஏறும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கால் தொங்கியது. கணவரின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். உட்லண்ட்ஸ் ரோட்டில் லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுபட்டது. 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பிப்பாள், லாரி வரும், எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

கிராஞ்சியில் மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் முன்பு பன்றிப் பண்ணைகளாக இருந்த இடம். அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டதால் தகரக் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. நாய் ஒன்று மட்டும் குரைத்தபடி கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. மழை பிடித்ததும் ஒரே கொட்டாகக் கொட்டியது.

பாதை செம்மண் குழம்பாகிவிட்டது. ஓரத்தில் ஓடிய வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போன அழகப்பன் வளைவில் திரும்பி மறைந்தான். இயேசுதாசன் வண்டியை நிறுத்தினார்.

"நீ இறங்கி நடந்து வா. இந்த இடம் வழுக்குது. பின்னால ஆள் இல்லாம ஓட்டிப் பாக்கறேன்."

"வேணாங்க. திரும்பிடலாம்."

"கொஞ்ச தூரந்தான்."

அவள் இறங்கினாள். வண்டி மெதுவாகத்தான் போனது, நடக்கிற வேகம்கூட இல்லை. முன் சக்கரம் ஓரமாக நழுவியது. அவர் காலை ஊன்றப் பார்த்தார். ஊன்றிய இடத்தில் மண் இல்லை. அந்த உயரமான வண்டி அவரையும் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இன்ஜின் ஒருமுறை உறுமி அடங்கியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ஓடிப் போய்ப் பார்த்தாள். வண்டி கரையில் தட்டையாகப் படுத்திருந்தது. அவருடைய வலது கால் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை அதன் அடியில். உடம்பு சரிவில் மல்லாந்து, தலை கீழே வாய்க்காலை நோக்கி. ஹெல்மெட்டின் பின்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை வந்தது.

"கால அசைக்க முடியல," என்றார். பிறகு, "கையும்."

வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சீட்டுக்கடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவளுடைய கால்தான் சேற்றில் வழுக்கியது. மறுபடி அவரைப் பார்த்தபோது தண்ணீர் ஹெல்மெட்டின் காது வரை வந்திருந்தது.

வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல். ஒரு கையை அவர் கழுத்துக்கடியில் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹெல்மெட் வாரைத் தேடினாள். விரல் மரத்துப் போயிருந்தது. அது கழன்று ஹெல்மெட் தண்ணீரோடு போனபோது அவருடைய முகம் வெளுத்துக் கிடந்தது.

"நீ போய் அழகப்பனைக் கூப்பிடு."

"விட்டா உங்க தலை உள்ள போயிடும்."

"போன்னு சொல்றேன்ல."

"போக மாட்டேன்."

அவள் கத்தினாள். அழகப்பன் தம்பி, தம்பி என்று தொண்டை கிழியக் கத்தினாள். மழை அந்தச் சத்தத்தை அங்கேயே அமுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு இன்ஜின் சத்தத்தோடு போகிறவனுக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிந்தும் கத்தினாள். கை கடுத்தது. தண்ணீர் அவளுடைய தொடை வரை வந்தது, அவருடைய காதைத் தொட்டது. தலையை இன்னும் தூக்கினால் கழுத்து மடங்கி அவருக்கு மூச்சு வாங்கியது. இதற்கு மேல் தூக்க முடியாத இடம் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போது என்ன செய்வது என்று யோசிக்கப் பார்த்தாள். யோசனை அங்கே போகவே மறுத்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார். குனிந்து கேட்டாள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. நல்ல நாளிலேயே ஜெபமாலையை எடுக்காத மனிதர் அவர்.

வளைவில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

கண்ணாடியில் பின்னால் விளக்கைக் காணவில்லை என்று அழகப்பன் திரும்பி வந்திருந்தான். பார்த்த பதற்றத்தில் ஸ்டாண்டு போடாமலே குதித்து ஓடிவந்தான். அந்த வண்டியும் அவனுக்குப் பின்னால் சேற்றில் சாய்ந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொள்ள, அவன் பண்ணைக் கொட்டகையிலிருந்து மரச் சட்டம் ஒன்றைப் பிடுங்கி வந்து நெம்பினான். இரண்டாவது முறை வண்டி கொஞ்சம் எழும்பியது. உர்சுலா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அலறினார். கால் வெளியே வந்தது.

மெயின் ரோட்டில் கீரை ஏற்றிப் போன லாரி ஒன்றை அழகப்பன் மறித்துக் கூட்டி வந்தான். கூடைகளுக்கு நடுவில் கணவரைக் கிடத்தி ஏறி உட்காரும்போதுதான் அவளுடைய கண்ணில் பட்டது: ஜப்பான் வண்டி தட்டையாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஜெர்மன் வண்டி, இடுப்பில் கை வைத்தவன் சுவரில் சாய்ந்தாற்போல், துருத்திய இன்ஜினில் தாங்கிப் பாதி நின்றபடி கிடந்தது. அதன் அடியில் ஒரு ஆள் கால் நீட்டும் அளவுக்கு இடம் இருந்தது.

காலில் இரண்டு இடத்தில் முறிவு, தோள் எலும்பிலும் முறிவு. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தார். அழகப்பன் சிக்கன் சூப் கொண்டு வருவான், அண்ணே, அண்ணி என்று தலை குனிந்தபடி உட்கார்ந்திருப்பான். வண்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இயேசுதாசனே ஒருநாள் சொன்னார்: "வேணாம் உர்சுலா. சியாங் மாய்க்கு பஸ்லயே போலாம்."

அவளுக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் அவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு வேறொன்றைக் கவனித்தாள். சிராங்கூன் ரோட்டில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மழை வந்தால் வேலைக்கு லீவு போட்டார். தூக்கத்தில் தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார். ரோடு தாண்ட அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். சன்னலருகே நின்ற காலத்துப் பயம் பரவாயில்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தனியாக ரோவல் ரோட்டுக்குப் போனாள்.

"தம்பி, அந்த ரெண்டு வண்டியும் இருக்கா?"

"இருக்கு அண்ணி. விக்க மனசு வரல."

"பின் சந்துல ரெண்டையும் கீழ சாய்ச்சுப் போடுங்க."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு பழைய மெத்தையை விரித்து இரண்டையும் சாய்த்தான். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னால் நடக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். எடை குறைந்த ஜப்பான் வண்டியை அவள் முதலில் பிடித்தாள். தட்டையாகக் கிடந்ததைத் தரையிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. கண் இருட்டி, அன்றைய வாய்க்கால் தண்ணீர் மறுபடி தொடையில் ஏறுவது போல் இருந்தது. விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும் அண்ணி."

"இருங்க."

எடை கூடிய ஜெர்மன் வண்டி ஏற்கெனவே பாதி எழுந்தே கிடந்தது. உந்தினாள். வண்டி முனகிக்கொண்டு அவளுடைய முதுகோடு எழுந்து நேராக நின்றது. அழகப்பன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குப் போய், "ஜெர்மன் வண்டி விழுந்தா நான் தூக்கிடுவேன்," என்று மட்டும் சொன்னாள். இயேசுதாசன் நம்பவில்லை. அடுத்த வாரம் அவரைச் சந்துக்கு அழைத்துப் போய்த் தூக்கிக் காட்டினாள். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சீட்டைத் தொட்டார்.

சியாங் மாய் அந்த வருஷம் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் ஜெர்மன் வண்டியில், பாலம் தாண்டிப் பக்கத்திலேயே இருக்கும் கோத்தா திங்கி வரை போய்வரலாம் என்று கிளம்பினார்கள். எல்லையில் ஜோகூர் பாலத்து வரிசையில் முன்னும் பின்னும் லாரிகள். வரிசை நகர்ந்த பிறகும் அவர் கிளட்சை விடாததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

"திரும்பிடலாமா உர்சுலா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "மெதுவாப் போங்க."

உலு திராம் தாண்டியதும் மழை வந்தது. அவர் உடனே ஓரங்கட்டி, பழக்கடைத் தகரக் கூரைக்கடியில் வண்டியை நிறுத்தினார். இருவரும் கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். அவள் ரம்புத்தான் வாங்கி உரித்துக் கொடுத்தாள். இரண்டு தின்றார். மழை தூறலாகி ரோடு தெளிந்ததும் சீட்டைத் துணியால் துடைத்தார். கொஞ்ச நேரம் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "ஏறு," என்றார்.