பதினைந்து நாள் கோர்ஸ்

என் டிரைவிங் ஸ்கூலில் இரண்டு கோர்ஸ் உண்டு. ஒன்று மூன்று மாதம், இன்னொன்று பதினைந்து நாள். துபாய்க்கும் சவூதிக்கும் டிரைவர் விசா வந்து, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறவர்களுக்காக நான் ஏற்பாடு செய்தது அந்த இரண்டாவது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், பதினாறாம் நாள் சோதனை. சேக் பரீதிடம் பதினைந்து நாள் படித்தவன் சோதனையில் தோற்றதே இல்லை என்று காரைக்காலில் ஒரு பேச்சு இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதக் கடைசியில் யாகப்பன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்ட பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாலைவனத்திலும் ஓட்டியிருக்கிறார், பனியிலும் ஓட்டியிருக்கிறார். ஆனால் பட்டாளத்து லைசென்ஸ் இங்கே செல்லாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். லாரி ஓட்டியே தலை நரைத்த மனுஷன் எல் போர்டுக்காக என் முன்னால் வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாத கோர்ஸில் சேருங்கள், பழைய பழக்கத்தை மறக்கவே ஒரு மாதம் ஆகும் என்றேன். எனக்கு மூன்று மாதம் இல்லை என்றார். அப்புறம் நான் சிரிக்கவில்லை.

அவர் மனைவி செல்வம்மாளுக்கு வயிற்றில் புற்று. தஞ்சாவூரில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் போனால் பெரிது என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இவர் அன்றைக்கே மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒரு பொருத்தனை செய்துவிட்டார். செல்வம்மாளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, தன் கையால் வண்டி ஓட்டி, வேளாங்கண்ணி மாதா சன்னிதியில் கொண்டுபோய் இறக்குவது. இறக்கினால் அவள் பிழைத்துக்கொள்வாள். அதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு பழைய பியட் காரும் வாங்கி வந்து வாசலில் நிறுத்தியாகிவிட்டது.

எல் போர்டோடு நானும் வருகிறேன், போய்விட்டு வந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே போலீஸ்காரன் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் பொருத்தனை பாதி வழியில் நின்றுபோகும், அது மாதாவை ஏமாற்றின மாதிரி ஆகும் என்றார். பதினைந்து நாள் கோர்ஸில் பேரை எழுதிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். பையன்களைத் தலையில் குட்டித்தான் சொல்லிக் கொடுப்பேன். இவரை எங்கே குட்டுவது? அவர் ஓட்டிய நாடுகளில் வண்டி ரோட்டின் வலது பக்கம் போகும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். முதல் நாலு நாளும் கியர் போட அவர் வலது கை தன்னால் போய்க் கதவில் இடித்தது. விரல் முட்டி சிவந்துபோனது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். ஐந்தாம் நாள் கை படிந்துவிட்டது. நேர் ரோட்டில் என்னைவிட நன்றாக ஓட்டினார்.

படியாதது ஒன்றே ஒன்று. வலது பக்கம் திரும்பும் இடம். நம் ஊரில் வலது பக்கம் திரும்புகிறவன் ரோட்டைக் குறுக்கே கடந்து, புது ரோட்டின் இடது ஓரத்துக்குப் போக வேண்டும். இவர் கை வலது ஓரத்தை ஒட்டியே வண்டியைத் திருப்பும். எதிரே வருகிற வண்டிக்கு நேர் எதிரில் போய் நிற்போம். மாதா கோவில் வீதி முக்கில்தான் இன்ஸ்பெக்டர் எப்போதும் வலது பக்கம் திரும்பச் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த முக்கிலேயே காலையும் மாலையும் திருப்பித் திருப்பி ஓட்ட வைத்தேன். பன்னிரண்டாம் நாள் பத்துக்கு ஆறு தடவை சரியாகத் திரும்பினார். இன்னும் மூன்று நாள் இருந்தது. பத்துக்குப் பத்தும் வரவைத்துவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஸ்கூல் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. உள்ளே ஒரு அம்மாள் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. யாகப்பன் பென்ஷன் விஷயமாக வெளியே போன நேரம் பார்த்து வந்திருந்தாள். ரிக்‌ஷாக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வீட்டிலிருந்து ஸ்கூலுக்குப் பத்து நிமிஷம்தான். அதற்குள் அவள் உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

“பாய், இந்தத் தடவ அவுங்களுக்கு லைசென்ஸ் கெடைக்கக் கூடாது” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். வேளாங்கண்ணி வரை உட்கார்ந்து போக இனி அவளால் ஆகாது. போன வாரமே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் கையில் வந்ததும் அவர் காரைத் துடைத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். அப்போது முடியாது என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன நிமிஷமே அவர் நம்பிக்கை விட்டுப்போகும்.

நேரே அவரிடமே சொல்லிவிடுங்கள் அம்மா என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“இருவத்திரெண்டு வருசம் லீவுல வந்துட்டுப் போன மனுசன் பாய். இந்தப் பன்னெண்டு நாளாத்தான் சிரிச்ச மொகமா என் பக்கத்துல ஒக்காந்து சோறு சாப்புடுறாங்க. அடுத்த சோதனை ஒரு மாசம் கழிச்சின்னா, அதுவரைக்கும் அப்புடியே இருப்பாங்க. நான் அதுக்கு மேல இருக்க மாட்டேன். நான் கேட்டேன்னு மட்டும் அவுங்களுக்கு எப்பவும் தெரியக் கூடாது.”

அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

மறுநாளிலிருந்து மாதா கோவில் வீதிப் பக்கமே போகவில்லை. கடற்கரை ரோட்டில் நேரே ஓட்ட வைத்தேன். ரிவர்ஸ் எடுக்க வைத்தேன், எட்டுப் போட வைத்தேன். எல்லாம் அவருக்கு முன்னமே தெரிந்தது. முக்குக்குப் போகலாமா பாய் என்று அவரே இரண்டு தடவை கேட்டார். அது போதும், படிந்துவிட்டது என்றேன். வாத்தியார் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த மனுஷன்.

சோதனை அன்று வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். எட்டுப் போட்டார், ரிவர்ஸ் எடுத்தார், இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாதா கோவில் வீதி முக்கில் வலது பக்கம் திருப்பச் சொன்னார். மூன்று நாள் தொடாமல் விட்ட கை தன் பழைய வழியிலேயே போனது. எதிரே வந்த சைக்கிள்காரர் தடுமாறி விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, அடுத்த மாதம் வாங்க என்றார்.

சோதனை முடிந்த பதினோராம் நாள் செல்வம்மாள் இறந்துபோனாள். அந்தப் பதினோரு நாளும் யாகப்பன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த மாதம் எந்த வழியாகப் போவது, நாகூரில் எங்கே நிறுத்தி டீ குடிப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவளும் ‘உம்’ கொட்டிக்கொண்டே இருந்தாளாம். அடக்கத்தில் அவர் தங்கச்சி சலோமி இதைச் சொல்லி அழுதாள். செல்வம்மாள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவர் ஸ்கூலுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. காரை விற்றுவிட்டேன் என்றார். பிறகு என் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்த முக்குல நான் சரியா திருப்பியிருந்தா அவ பொழச்சிருப்பா பாய். மாதா எனக்கு வச்ச சோதனை அது. நான் தோத்துட்டேன். என் கையாலதான் அவள விட்டுட்டேன்.”

இல்லை சொல்தா, உங்கள் கை ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான், கேட்டது அவள் என்று ஒரே வாயில் கொட்டிவிடத் துடித்தேன். ஆணையிட்டது நினைவுக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டவள் மண்ணுக்குள் இருக்கிறாள், அதிலிருந்து என்னை விடுவிக்க வேறு யாரும் இல்லை. பதினோரு நாள் சிரிப்புக்காக அவளும் நானும் சேர்ந்து இந்த மனுஷன் தலையில் ஆயுசு முழுக்க இறக்க முடியாத பழியை வைத்துவிட்டோம். நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நீங்கள் பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி சொல்லிக் கொடுத்தீர்கள், அப்படிச் சொல்லக் கூடாது என்றார். தான் வந்ததே வேறு விஷயத்துக்காக என்றார்.

“ஒங்ககிட்ட படிச்சவுங்க யாருமே தோத்ததில்லைன்னு ஊருல சொல்லுவாங்க. என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சு. என்ன மன்னிச்சிடுங்க பாய்.”

மன்னித்தேன் என்று என் வாயால் சொல்கிற வரை அவர் என் கையை விடவில்லை. சொன்னேன்.