மஞ்சள் ஹோல்டு

செயலியைக் காட்ட இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மத்திகிரியில் ரூபாவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். வெள்ளி காலை பத்துக்கு, அவள் வேலை செய்யும் ஆலையின் கூட்ட அறையில், அங்குள்ள இளம்பெண்களுக்கான மனநலச் செயலியை எங்கள் சிறிய நிறுவனம் காட்ட வேண்டும். திரைகளை வடிவமைத்தது நான். மூன்று வருடங்களுக்கு முன், பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு, நானும் அந்த ஆலையில் மின்னணு போர்டுகளைச் சோதித்துக்கொண்டு இதே அறையில் ரூபாவோடு தங்கியிருந்தேன். ஒரு பெண்ணாவது இந்தத் திரையில் உண்மையைத் தொட வேண்டும். எனக்கு அது போதும்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்து ரூபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகங்கள். மேலே ஒரு கேள்வி. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"இன்று உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது... என்னடி இது, பேங்க்ல இருந்து லெட்டர் வந்த மாதிரி!"

"சிரிக்காத. எதைத் தொடுவ?"

சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

"நேத்து பூரா அழுதுகினு இருந்தேன்னு சொன்ன?"

"அதுக்கு? அழுவற மூஞ்சிய தொட எனக்கே ஒரு மாதிரி இருக்குது. எங்க லைன் ஜோதிமணி கேட்டா, ஏண்டி டல்லா இருக்கறன்னு. 'இன்னிக்கி நான் ஹோல்டுடி'ன்னேன். அவ்ளோதான். டீ டைம்ல பக்கத்துல வந்து உக்காந்துகினா."

நான் போனைக் கீழே வைத்தேன். ஆலையில் சோதித்த போர்டுகளில் நல்லதற்குப் பச்சை அட்டை கட்டுவோம், கெட்டதற்குச் சிவப்பு, சந்தேகமானதற்கு மஞ்சள். மஞ்சளில் ஹோல்டு என்று இருக்கும். யாராவது வந்து கையில் எடுத்துப் பார்க்கும்வரை அந்த போர்டு அடுத்த மேசைக்கும் போகாது, குப்பைக்கும் போகாது. நானே நூற்றுக்கணக்கில் கட்டியிருக்கிறேன். நான்கு மாதமாக முகங்களை வரைந்துகொண்டிருந்தேன்.

"அப்ப மூஞ்சிக்குப் பதிலா பச்சை, மஞ்சள் வைக்கறேன். செவப்பும் வைக்கட்டுமா?"

"வேணாம். மனுசங்கள எவன்டி ரிஜெக்ட் பண்றது?"

கிளம்பும்போது தட்டில் போண்டா வைத்தாள். "இப்பவாவது எண்ணெய் சேத்துக்கலாமில்ல?" என்று சிரித்தாள். ஆலையில் இருந்த அந்த வருடம் மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுத்து நாற்பது நாள் விடுப்பில் போனேன். திரும்பி வந்தபோது, ஜவளகிரியில் அவள் வீட்டு வரப்பிலிருந்து கீழாநெல்லி பறித்து வந்து தினமும் மோரில் அரைத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் எனக்கு மட்டும் எண்ணெய் இல்லாமல் தனியாகச் சமைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டேன். இப்போதும் தலை நிமிராமல் போண்டாவைக் கடித்தேன்.

வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து முகங்களை நீக்கினேன். இரண்டே பொத்தான்கள்: பச்சை ஓகே, மஞ்சள் ஹோல்டு. மஞ்சளைத் தொட்டால் ஆலைக்குத் தொடர்பில்லாத ஆலோசகர் ஒருவர் கூப்பிட்டுப் பேசுவார். யார் தொட்டார்கள் என்பது ஆலைக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, தொட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்று லைனிலிருந்து ரூபாவையே அழைத்து வந்திருந்தார்கள். நீலச் சீருடையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மனிதவளப் பிரிவு ஹரீஷ்குமார் திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சூப்பர்ம்மா. நம்ம ஷாப் ஃப்ளோர் பாஷை. ரூபா, நீ தொடும்மா."

ரூபாவின் கட்டைவிரல் மஞ்சளை நோக்கிப் போனது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர். "ஹோல்டு போடறவங்க எம்ப்ளாயி நம்பர் எனக்கு வந்துடணும். அவங்க நல்லதுக்குத்தான்."

"செஞ்சிரலாம் சார். ஒரு நாள் வேலதான்," என்றார் என் முதலாளி ஜெகதீஷ்.

ரூபாவின் விரல் பச்சைக்கு நகர்ந்தது. என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

கூட்டங்களில் நான் மேசையைத்தான் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். மேசைக் கண்ணாடியில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"வேண்டாம் சார்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நம்பர் வந்தா யாரும் மஞ்சளைத் தொட மாட்டாங்க. தினமும் எல்லாமே பச்சையா வரும். அப்படின்னா இதை நான் செய்யல சார்."

"பொற்கொடி..." என்றார் ஜெகதீஷ்.

"இருங்க சார்," ஹரீஷ்குமார் கையைக் காட்டினார். "தொட மாட்டாங்கன்னு எப்பிடிம்மா சொல்ற? டேட்டா ஏதாவது இருக்குதா?"

"இருக்கு சார். உங்க ஆபீஸ்லயே இருக்கு. மூணு வருசம் முன்னாடி இங்க நாப்பது நாள் லீவு போட்டேன். மஞ்சக்காமாலைன்னு எழுதியிருப்பேன்."

ரூபா நிமிர்ந்தாள். அவள் விரல் பச்சைக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது. நான் அவளை மட்டும் பார்த்தேன்.

"அது மஞ்சக்காமாலை இல்ல ரூபா. தர்மபுரியில மனநல வார்டுல இருந்தேன்."